இம்ப்ளான்ட் கோர்ஸ் முடித்தாயிற்று. முதல் கேஸை எப்படி, யாரோடு தொடங்குவது?

காவிரிக்கரை (பிடிஎஸ், கும்பகோணம் பக்கம்)

வணக்கம். சொந்தமாக ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறேன். வேர் சிகிச்சை, பல் எடுப்பது, கிரௌன் (பல் உறை), டெஞ்சர் (கழற்றி மாட்டும் பல் செட்) எல்லாம் அன்றாட வேலை. இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) கேட்டு வருபவர்களைத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்பிவிடுவேன். போன மாதம் ஒரு கம்பெனி நடத்திய வாரயிறுதிப் பயிற்சிக்குப் போனேன். பாடம் நன்றாகவே எடுத்தார்கள். பிளாஸ்டிக் தாடையில் நாங்களே டிரில் செய்து பார்த்தோம். நோயாளிக்கு வைப்பதைத் திரையில் காட்டினார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். அதிலிருந்து கம்பெனி ஆள் வாரம் தவறாமல் வருகிறார். மொத்தமாக இம்ப்ளான்ட் எடுத்தால் சர்ஜிக்கல் கிட் இலவசமாம்.

கையில் ஒரு கேஸ் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர், கீழ் வலது முதல் கடைவாய்ப்பல் (46) எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு பக்கத்துப் பற்களும் சொத்தை இல்லாமல் அருமையாக இருக்கின்றன, பிரிட்ஜுக்காக (பக்கத்துப் பற்களைத் தாங்கலாக்கிக் கட்டும் பல்) அவற்றைச் சீவ மனசு வரவில்லை. சர்க்கரை உண்டு. வெற்றிலை பாக்கு போடுவார், புகையிலை இல்லை என்கிறார். "நீங்களே பண்ணுங்க டாக்டர், வெளியூர் அலைய முடியாது" என்கிறார்.

நான் செய்யலாமா? இங்கே பல வருடமாகச் செய்பவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

மேகலா_ப்ராஸ்தோ (எம்டிஎஸ், சென்னை)

டாக்டர், கிட்டை இப்போதைக்கு வாங்க வேண்டாம். வாங்கிவிட்டால் அந்தப் பணத்தை எடுக்கவாவது கேஸ் செய்ய வேண்டும் என்று மனசு தள்ளும். அந்தத் தள்ளுதலில்தான் வைக்கக் கூடாத இடத்தில் வைப்பது நடக்கிறது.

நம் நாட்டில் இம்ப்ளான்டுக்கென்று தனி எம்டிஎஸ் (முதுநிலைப் பட்டம்) கிளை கிடையாது. நாங்கள் செயற்கைப் பல் துறையிலிருந்து வருகிறோம், வாய் அறுவைத் துறையினரும் ஈறு சிகிச்சைத் துறையினரும் அவரவர் பக்கத்திலிருந்து வருகிறார்கள், உங்களைப் போன்ற பொது பல் மருத்துவர்களும் நிறையப் பேர் மிக நன்றாகச் செய்கிறார்கள். அதனால் "பிடிஎஸ் செய்யலாமா" என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. இந்தக் கேஸை, இந்த நிலையில், யார் பக்கத்தில் நிற்கும்போது செய்வது என்று கேளுங்கள்.

முதலில் தீர்மானமாக வேண்டியது கிரௌன். அது எங்கே உட்கார வேண்டும், மேல் பல் அதை எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். மாடலில் மெழுகால் அந்தப் பல்லைச் செய்துவிட்டு, அதற்கு நேர் கீழே ஸ்க்ரூ வருகிற மாதிரி எலும்பில் இடம் தேடுங்கள். எலும்பு தாராளமாக இருக்கிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டால், பிறகு சாய்ந்த அபட்மென்ட் (இம்ப்ளான்டையும் கிரௌனையும் இணைக்கும் துண்டு) போட்டு, பிதுங்கிய கிரௌன் கட்டி, அதன் அடியில் சோறு தங்கி, ஈறு வீங்கி, வருடக்கணக்கில் அவர் உங்களிடம் வந்துகொண்டே இருப்பார்.

மனசில் பதிய வேண்டிய அளவுகள்: பக்கத்துப் பல்லுக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவே குறைந்தது 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளான்டுகளுக்கு நடுவே 3 மி.மீ., கீழே நரம்புக் குழாய்க்கு மேல் 2 மி.மீ., கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் 1.5 மி.மீ.க்குக் குறையாத எலும்பு. ஓபிஜியை (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) மட்டும் நம்பி அளக்காதீர்கள். அதில் உருவம் கால் பங்கு வரை பெரிதாகத் தெரியும், அதுவும் தாடை முழுக்க ஒரே அளவில் பெரிதாகாது. அகலம் அதில் தெரியவே தெரியாது. சிபிசிடி (முப்பரிமாண ஸ்கேன்) எடுத்துவிடுங்கள்.

ஐடிஐ என்ற சர்வதேச அமைப்பு கேஸ்களை எளியது, முன்னேறியது, சிக்கலானது என்று மூன்றாகப் பிரிக்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. சிகிச்சைக்கு முன்பே கேஸை அந்தத் தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஆறிய 46, நல்ல எலும்பு, இருபுறமும் பல் என்றால் அது எளிய வகை. மேல் முன்பல்லைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம், எவ்வளவு சுலபமாகத் தெரிந்தாலும் சரி. சிரித்தால் ஈறு தெரிபவருக்கு அரை மி.மீ. பிசகினாலும் கண்ணில் படும். பல் எடுத்த உடனே வைப்பது, சைனஸ் லிஃப்ட் (மேல்தாடையில் சைனஸ் சவ்வை உயர்த்தி எலும்புக்கு இடம் உண்டாக்குவது), நான்கு இம்ப்ளான்டில் முழு வாய் கட்டுவது எல்லாம் ரொம்பப் பின்னால்.

உங்கள் நோயாளியின் சர்க்கரை எவ்வளவு? எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்களா?

கடைவாய்ப்பல் (ஈரோடு)

பிளாஸ்டிக் தாடையில் இல்லாத ஒன்று ஈறு. வாரயிறுதிப் பயிற்சிகளில் டிரில்லைப் பற்றி அவ்வளவு பேசுவார்கள், கீறுவதும் தையல் போடுவதும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கறிக்கடையில் முந்தின நாளே சொல்லிவைத்து ஆட்டுத் தலை வாங்குங்கள். கீறல் எலும்பு வரை ஒரே இழுப்பில் போகிறதா, எலும்பின் மேல்சவ்வு கிழியாமல் ஃபிளாப் (கீறி விலக்கும் ஈறு மடிப்பு) எழும்புகிறதா, மூடும்போது இழுவிசை இல்லாமல் இரண்டு ஓரமும் தானாக வந்து சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள். இழுத்துக் கட்டிய தையல் சில நாளில் பிய்ந்துகொள்ளும். கடைசியில் நோயாளி பார்க்கப்போவதும் அந்தத் தையலைத்தான்.

பின்னாளில் சைனஸ் லிஃப்ட் கற்க நினைத்தால் பச்சை முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை டைமண்ட் பர்ரால் சன்னல் மாதிரி தேய்த்து, உள் சவ்வைக் கிழிக்காமல் ஓட்டுத் துண்டை எடுக்கப் பழகலாம். சைனஸ் சவ்வும் கிட்டத்தட்ட அப்படித்தான் கைக்குத் தட்டுப்படும். பழைய பயிற்சிதான், இன்றும் பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வாயறுவை_மதுரை (எம்டிஎஸ்)

மேகலா மேடம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அறுவைப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன், இரண்டும் பயமுறுத்துவதற்காக இல்லை.

ஒன்று, கீழ்த்தாடையின் நாக்குப் பக்கம். கடைவாய்ப் பகுதியில் எலும்பு உள்பக்கமாகக் குழிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அகலமாக இருக்கும், கீழே போகப் போக டிரில் நாக்குப் பக்கச் சுவரைத் துளைத்து வெளியே வந்துவிடும். முன்பக்கம், கோரைப் பல் பகுதியில், இது இன்னும் ஆபத்து. நாக்கின் கீழ் ஓடும் தமனியின் கிளை கிழிந்தால் வாயின் தரை வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சுப் பாதையே அடைபடலாம். உலக அளவில் உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போன கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சிபிசிடியில் குறுக்குவெட்டைப் பார்க்காமல் அங்கே டிரில்லை எடுக்கக் கூடாது. டிரில் செய்யும்போது இடது கை விரல் நாக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டு, சூடு. 1983-ல் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல் எலும்பில் செய்த ஆய்வில், 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பழுதாகத் தொடங்குவதைக் காட்டினார்கள். கொதிநிலைக்கு வெகு கீழே இருக்கும் அந்தச் சூடே எலும்புக்குப் போதும். மழுங்கிய டிரில், அழுத்திப் பிடிப்பது, சலைன் (குளிர்விக்க ஊற்றும் உப்புநீர்) டிரில்லின் நுனிக்குப் போய்ச் சேராமல் இருப்பது, இவைதான் காரணங்கள். கீழ்த்தாடையின் கெட்டி எலும்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் இங்கே இன்னும் கவனம். அழுத்தாமல், மேலும் கீழும் எடுத்து எடுத்து டிரில் செய்யுங்கள், சலைனைக் குளிரவைத்துப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு டிரில்லையும் எத்தனை கேஸுக்குப் பயன்படுத்தினோம் என்று உதவியாளர் ஒரு நோட்டில் எழுதட்டும். கம்பெனி சொன்ன கணக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. டிரில்லின் நுனி, குறிக்கப்பட்ட ஆழத்தைவிடப் பிராண்டைப் பொறுத்து 1 மி.மீ. வரை கூடுதலாக இறங்கும். 10 மி.மீ. கோடு வரை இறக்கினால் உண்மையில் 11 வரை போயிருக்கலாம். நரம்புக்கு மேல் 2 மி.மீ. என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

டிஜிட்டல்_கோவை

இவ்வளவு கவலைக்கும் ஒரு பதில் இருக்கிறதே. சிபிசிடியையும் வாய் ஸ்கேனையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் திட்டமிட்டு, 3டி பிரின்ட் செய்த கைடு (பற்களின் மேல் உட்கார்ந்து டிரில்லுக்கு வழிகாட்டும் அச்சு) வைத்து டிரில் செய்யுங்கள். புதியவருக்கு அதுதான் பாதுகாப்பு.

வாயறுவை_மதுரை

டாக்டர், கைடு நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிற சராசரி விலகலே நுழையுமிடத்தில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல், கோணத்தில் மூன்று நான்கு டிகிரி. சராசரியே அப்படி என்றால் சில கேஸ்களில் அதைவிட அதிகம். ஸ்கேன் சரியாகப் பொருந்தவில்லை, கைடு பற்களின் மேல் முழுதாக உட்காரவில்லை என்றால், தப்பான இடத்துக்கு மிகத் துல்லியமாகக் கொண்டுபோய் விட்டுவிடும். சலைனும் கைடின் குழலைத் தாண்டி எலும்புக்குச் சுலபமாகப் போகாது.

இந்த நோயாளி வெற்றிலை பாக்கு போடுபவர். கைடு டிரில்கள் சாதாரண டிரில்லைவிட நீளம். பாக்கால் வாய்ச் சவ்வு இறுகி, வாய் திறப்பு குறைந்திருந்தால் கடைவாயில் கைடோடு டிரில்லை நுழைக்கவே முடியாது. ஃபிளாப் எழுப்பிய பிறகு அது தெரியவந்தால் கைடு இல்லாமல் முடிக்கக் கை தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? காவிரிக்கரை, அவருடைய வாய் எத்தனை மி.மீ. திறக்கிறது என்று அளந்து பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார் மாதிரி தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

டிஜிட்டல்_கோவை

வாய் திறப்பு பற்றிச் சொன்னது நியாயம், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் மீதியில் எனக்கு உடன்பாடில்லை சார். வெறுங்கையால் கற்றுக்கொண்ட பிறகே கைடு என்றால், அந்தக் கற்கும் காலத்தில் வருகிற நோயாளிக்கு எதற்குக் கோணல் இம்ப்ளான்ட்? புதியவர் கையில் கோணப் பிசகு அதிகம் என்பது நாம் எல்லோரும் பார்ப்பதுதான். திட்டமிடும்போது ஒவ்வொரு மி.மீ.யையும் திரையில் பார்த்தாக வேண்டும் என்பதே ஒரு பெரிய படிப்பு.

வாயறுவை_மதுரை

திட்டமிடுதல் பற்றி மறுப்பில்லை. முழு கைடு வேண்டாம், முதலில் போடும் 2 மி.மீ. விட்டமுள்ள பைலட் டிரில்லுக்கு மட்டும் கைடு, பிறகு கைடை எடுத்துவிட்டு துளையில் பேரலல் பின் (கோணம் காட்டும் கம்பி) போட்டு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தொடரலாம் என்பது என் கருத்து. பைலட் துளையில் கோணம் தப்பியிருந்தால் அப்போதே திருத்தலாம். அகலப்படுத்திய பிறகு திருத்த முடியாது.

லண்டன்_யாழ்

நான் பேராதனையில் படித்தவன், இப்போது இங்கிலாந்தில் வேலை. இங்கேயும் பொது பல் மருத்துவர்கள் இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். ஆனால் கோர்ஸ் முடித்துவிட்டு நேரே தனியாகத் தொடங்குவதை இங்கே ஒருவரும் ஏற்றுக்கொள்ள மாட்டினம். இம்ப்ளான்ட் பயிற்சிக்கென்று எழுதப்பட்ட தரநிலைகள் இருக்கின்றன, ஏதும் பிரச்சினை வந்து பல் மருத்துவக் கவுன்சில் விசாரித்தால் அதை வைத்தே கேள்வி கேட்பார்கள். அதன் உயிர்நாடி மென்டர், அதாவது பக்கத்தில் நின்று வழிகாட்டும் அனுபவசாலி.

எப்படி நடக்கும் எண்டால், முதலில் மென்டரின் கேஸ்களில் பக்கத்தில் நின்று உதவி செய்வது. பிறகு என் நோயாளி, என் திட்டம், ஆனால் அவர் பக்கத்தில் நிற்பார், தேவைப்பட்டால் கையை நீட்டி வாங்குவார். அதன் பிறகு நான் தனியாகச் செய்வேன், திட்டத்தை மட்டும் முன்கூட்டியே அவரோடு கதைப்பேன். ஒவ்வொரு கேஸுக்கும் படம், எக்ஸ்ரே, எழுத்து எல்லாம் ஒரு கோப்பில் சேர வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. நவீன இம்ப்ளான்டின் முன்னோடியான பிரோனமார்க் 1965-ல் சுவீடனில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலில் டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை அவை அவருடைய தாடையில் வேலை செய்தன. 1982-ல் அவருடைய முறையை வட அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்திய டொரன்டோ மாநாட்டுக்குப் பிறகு உலகம் முழுக்க இதைக் கற்க ஓடியபோது, தொடக்க காலத்தில் அறுவை செய்பவரும் பல் கட்டுபவரும் சோடியாகப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சோடி ஒரே ஆளுக்குள் வந்துவிட்டது. அதனால்தான் பக்கத்தில் இன்னொரு கண் வேண்டும் என்கிறேன். கும்பகோணத்தைச் சுற்றி ஒரு மென்டர் கிடைப்பது கம்பெனி கிட்டைவிடப் பெறுமதி.

அம்மாவுக்காக (பல் மருத்துவர் அல்ல)

தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது, மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். அம்மாவுக்குச் சில வருடங்களுக்கு முன் கீழே ஒரு இம்ப்ளான்ட் வைத்தார்கள். இப்போது பல் ஆடுகிறது. வைத்த கிளினிக் மூடிவிட்டார்கள். போகிற இடமெல்லாம் "எந்தக் கம்பெனி, என்ன அளவு?" என்று கேட்கிறார்கள். எங்களிடம் ஒரு ரசீது மட்டும்தான் இருக்கிறது, அதில் "இம்ப்ளான்ட்" என்று ஒரே வார்த்தை. எடுத்துவிடத்தான் வேண்டுமா?

மேகலா_ப்ராஸ்தோ

அம்மா, உடனே எடுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆடுவது கிரௌனா, உள்ளே இருக்கும் ஸ்க்ரூவா, இம்ப்ளான்டே ஆடுகிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ தளர்வது அடிக்கடி நடப்பது, பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இம்ப்ளான்டே ஆடினால்தான் எடுக்க வேண்டிவரும். எக்ஸ்ரேயில் தெரியும் வடிவத்தை வைத்து எந்த வகை என்று ஓரளவு அடையாளம் காண முடியும். செயற்கைப் பல் துறை நிபுணர் ஒருவரிடம், பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கேயே, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வலி, சீழ் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற டாக்டர்களுக்கு: இந்தக் கேள்வி நம் எல்லோருக்குமானது. ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவிலும் ஸ்டிக்கர் இருக்கிறது. கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் உண்டு. ஒன்றை நம் பதிவேட்டிலும் இன்னொன்றை நோயாளி கையில் கொடுக்கும் அட்டையிலும் ஒட்ட ஒரு நிமிடம் ஆகாது. அவர் நாளைக்கு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ மகன் வீட்டுக்குப் போய் அங்கே பல் தளரலாம். நம் கிளினிக்கும் என்றைக்கும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மெழுகுப்பல் (லேப், சேலம்)

லேப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். எங்களுக்கு அளவு வந்து சேரும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும். இம்ப்ளான்ட் கன்னத்துப் பக்கம் சாய்ந்திருக்கும், அதற்குமேல் அழகான பல் வேண்டும் என்று கேட்பார்கள். அறுவைக்கு முன்னாலேயே மாடலை அனுப்புங்கள் டாக்டர், மெழுகில் பல் செய்து தருகிறோம். அதைப் பார்த்துத் திட்டமிட்டால் ஸ்க்ரூ துளை பல்லின் நடுவில் வரும், சிமென்டே இல்லாமல் ஸ்க்ரூவில் முடுக்கும் கிரௌன் செய்யலாம். சிமென்ட் போட்டு ஒட்டினால் மிச்சம் ஈறுக்கு அடியில் தங்கும். வருடங்கள் கழித்து எலும்பு கரைந்து கழற்றி அனுப்பும் அபட்மென்டுகளில் அந்தச் சிமென்ட் ஒட்டிக்கொண்டிருப்பதை நாங்கள் பார்க்கிறோம்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. கிட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நோயாளியின் விவரம்: எச்பிஏ1சி 9.1. வாய் திறப்பு 38 மி.மீ. கன்னத்தின் உள்ளே வெளுப்போ நாரோ இல்லை. சிபிசிடியில் 46 இடத்தில் எலும்பு அகலம் மேலே 7.5 மி.மீ., நரம்புக் குழாய் வரை உயரம் 14 மி.மீ., நாக்குப் பக்கக் குழி கீழே லேசாக இருக்கிறது. பற்களுக்கு இடையே 11 மி.மீ. இடம். திருச்சியில் பல வருடமாக இம்ப்ளான்ட் செய்யும் என் சீனியர் அக்கா ஒருவர், பக்கத்தில் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் அவர் கேஸ்களில் வந்து உதவி செய்யச் சொல்லியிருக்கிறார்.

4.5 விட்டம், 10 நீளம் என்று நினைக்கிறேன். சரியா?

மேகலா_ப்ராஸ்தோ

அளவு சரி. 7.5-ல் 4.5 போக இரண்டு பக்கமும் 1.5 நிற்கும், ஆனால் அது நட்டநடுவில் வைத்தால்தான். நடுவில் வருமா என்று சந்தேகம் இருந்தால் 4.2 அளவில் ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். நீளம் 10 போதும். டிரில் நுனி கூடுதலைச் சேர்த்தாலும் நரம்புக்கு மேல் 3 மி.மீ. மிச்சம்.

ஆனால் 9.1-க்கு இப்போது செய்ய வேண்டாம். அவர் பொது மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். அந்த எண் கடந்த மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவது, எனவே மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஏழுக்குப் பக்கத்தில் வரட்டும். அந்த மூன்று மாதத்தில் பல் இடுக்குச் சுத்தம், ஈறு சிகிச்சை, பாக்கை நிறுத்துவது எல்லாம் நடக்கட்டும். உங்களுக்கும் அக்காவின் கிளினிக்கில் நிற்க அந்த நேரம் தேவை.

சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும், அவர் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில். எலும்புத் தூள் போட நேரலாம், வைக்காமலே மூடிவிட நேரலாம், உதடு மரத்துப்போக வாய்ப்புண்டு என்பதெல்லாம் முன்பே எழுத்தில் வர வேண்டும். ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதத்தை வைத்து வேறொரு சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பிறகு, இதைத்தான் கோர்ஸில் யாரும் சொல்வதில்லை: கிரௌன் மாட்டிய அன்று ஓர் எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் தொடக்க அளவு. வருடாவருடம் அதே கோணத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்கு மேல் எலும்பு இறங்கக் கூடாது என்பது 1986-லிருந்து எல்லோரும் சொல்லும் அளவுகோல். நோயாளி வலி என்று வந்தால் பார்ப்போம் என்று இருந்தால், நம் கேஸ்கள் எல்லாமே வெற்றி என்றுதான் தோன்றும். நான் கற்றதில் முக்கால்வாசி அந்த வருடாந்தர எக்ஸ்ரேக்களிலிருந்து. எந்த ஆழத்தில் வைத்தது நின்றது, எங்கே ஈறு மெலிந்தது, எந்தக் கிரௌன் வடிவத்தில் சுத்தம் செய்ய முடியவில்லை என்பதெல்லாம் வேறு யாராலும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. ஒரு எக்செல் தாள் போதும். முதல் கேஸிலிருந்தே தொடங்குங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் சேராது.

வாயறுவை_மதுரை

செய்யும் நாளுக்கு இரண்டு குறிப்பு. கையால் திருகும் சின்ன டிரைவர் வழுக்கி நோயாளியின் தொண்டைக்குள் போய்விடும். அதன் துளையில் ஃப்ளாஸ் நூல் கட்டி வெளியே விடுங்கள், தொண்டைக்கு முன் துணியும் வையுங்கள். ஒவ்வொரு தடவையும், அனுபவம் வந்த பிறகும்.

அன்று சாயங்காலம் நீங்களே போன் செய்யுங்கள். மரப்பு ஊசியின் நேரம் கடந்தும் உதடு, மோவாய் மரத்தே இருந்தால் "நாளாக ஆக சரியாகிவிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். உடனே எக்ஸ்ரே பாருங்கள், நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகம் வந்தால் ஒன்றரை நாளுக்குள் இம்ப்ளான்டை எடுத்துவிட வேண்டும். நேரம் கடந்தால் நரம்பு மீள்வது அரிது. அந்த முடிவைத் தனியாக எடுக்காமல் அக்காவை அழையுங்கள், என்னையும் அழைக்கலாம்.

காவிரிக்கரை

நோயாளியிடம் பேசிவிட்டேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. ஆனால் மூன்று மாதம் காத்திருக்கச் சம்மதித்தார், சர்க்கரை மருத்துவரிடம் போகிறேன் என்றும் சொன்னார். அடுத்த புதன் அக்காவின் கிளினிக்கில் ஒரு கீழ்க் கடைவாய் கேஸ், உதவிக்குப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: வைத்து முடிக்கும்போது டார்க் (திருகும் முறுக்கு விசை) 50 Ncm-ஐத் தாண்டினால் நல்லதுதானே? கம்பெனி ஆள் அப்படித்தான் சொன்னார்.

கடைவாய்ப்பல்

கெட்டி எலும்பில் அவ்வளவு தேவையில்லை. 35 வந்தாலே போதுமான பிடிமானம். அதற்குமேல் முறுக்கினால் எலும்பு நசுங்கி ஓரத்தில் கரையும். நின்றுவிட்டால் பலம் போட்டுத் திருகாமல், பின்னால் திருப்பி எடுத்து, கெட்டி எலும்புக்கான டிரில்லோ டேப்போ (எலும்பில் மரை வெட்டும் கருவி) போட்டுவிட்டு மறுபடி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பழைய எலும்புப் பிடி குறைந்து புது எலும்பு இன்னும் வராத கட்டம் ஒன்று வரும், அன்று எவ்வளவு டார்க் வந்திருந்தாலும் சரி. அதனால் அந்த நேரத்தில் ஹீலிங் அபட்மென்டைக் (ஈறு ஆறும்வரை இம்ப்ளான்டின் மேல் இருக்கும் மூடி) கழற்றி மாட்டி விளையாட வேண்டாம். புதன்கிழமை அக்காவின் டார்க் ரென்ச்சைக் கையில் வாங்கி, 35 எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை உணர்ந்து பாருங்கள்.